கல்லச்சு முகங்கள்

"இது யாரு? அவசரப்படாம, நல்லா பாத்துச் சொல்லு. தப்பாயிடக் கூடாது."

அச்சுக்கல்லிலிருந்து அப்போதுதான் உரித்த தாளை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தபடி கணவர் கேட்டார். முக்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பின்மண்டையில் போட்டிருந்த கட்டு இழுத்தது.

"எங்க அக்கா."

அவள் சொன்னதை அப்படியே படத்தின் அடியில் பென்சிலால் எழுதி, அவர் கொடியில் மாட்டினார்.

ஸ்கூட்டர் சறுக்கி இரண்டு பேருமே விழுந்து ஒரு மாதம் இருக்கும். அவளுக்குத் தலையில் தையல். ஓட்டிய அவருக்கோ வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பார்க்க வந்தவர்களெல்லாம், "ஒருத்தராவது தப்பிச்சீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தெரிந்த முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி அதன் தையல் விட்டதுதான் மிச்சம். அதனால் அச்சகத்துக்கு வந்த வேலைகளை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தில் கணவர் இறங்கிவிட்டார்.

வாரம் முழுக்கச் சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும் ஒவ்வொருவராக எதிரில் உட்கார வைத்து, வெளியூரில் இருப்பவர்களை ஆல்பத்தைப் பார்த்து, மெழுகுக் குச்சியால் கல்லில் வரைந்தார். மூக்கு தனி, புருவம் தனி, காது தனி என்று அளந்து அளந்து வரைந்தார். இன்று அச்செடுக்கும் நாள்.

அடுத்த கல்லை ஈரப்பஞ்சால் துடைத்து, மை உருளையை ஓட்டினார். ஈரம் மையைத் தள்ளிவிட, மெழுகு பட்ட கோடுகள் மட்டும் கறுத்து எழுந்தன. தாளை விரித்து, யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினார்.

"இது?"

"உங்க தம்பி."

"நிச்சயமாவா?"

"முறம் மாதிரி இந்தக் காது வேற யாருக்குங்க இருக்கு?" அவள் சிரிக்கப் பார்த்தாள்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் காதையே வெகுநேரம் பார்த்தார்.

வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். கணவர் உருளையும் கையுமாக அவரையே வெறித்தார்.

"என்னடா, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற?"

"அட, நீயா குயிலு! உள்ள வாடா."

பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில், கழுதைக் குரலுக்காகக் கிடைத்த பட்டப்பெயர் அது. குயில் உள்ளே வந்து உட்காரவும் அவருடைய படமே அச்சில் வரவும் சரியாக இருந்தது. கணவர் அதையும் மனைவியிடம்தான் நீட்டினார்.

"இது யாரு?"

"ஏண்டா, நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். அடிபட்டுக் கெடக்கிற தங்கச்சியப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துற?"

"குயில் அண்ணன்தாங்க" என்றாள் அவள் அவசரமாக. "எனக்கொண்ணும் கஷ்டமில்லைண்ணே."

குயிலுக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. "எல்லாம் சரியாயிடும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கிப் போனார்.

கணவர் கைப்பிடியை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"காலைல பெரியவ வந்துடுவா. போன தடவ பஸ் ஸ்டாண்ட்ல, 'என்னத் தெரியலையா'ன்னு அவ அழுதது இன்னும் என் காதுலயே நிக்குது. பெத்த பொண்ணு அது! இன்னொரு வாட்டி அப்படி ஆச்சுன்னா நான் உசுரோட இருந்து என்ன பிரயோசனம்?"

"ஆகாதுங்க. அவ படம்தான் வந்துடுச்சே. பாத்துக்கிட்டே இருப்போம். ஒட்டிக்கும்."

ஒரே ஒரு கல் பாக்கி இருந்தது. அதற்கு மட்டும் அவர் உருளையை மிக மெதுவாக ஓட்டினார். தாளை உரித்தபோது, அன்று எடுத்ததிலேயே அதுதான் பிசிறில்லாமல் வந்திருந்தது. பக்கவாட்டில் வகிடெடுத்த ஒரு பெண். சிரிப்பு உதட்டோரத்திலேயே நின்றிருந்தது.

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு வந்து மனைவியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இது யாரு?"

அவள் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"ஏன் பேச மாட்டேங்கற? சொல்லும்மா, யாரு இது?" அவர் படத்தை அவள் முகத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தாங்க. எழுதி வச்சுக்குங்க."