ஆறு மாத வேண்டுதல்

மூன்று மணிக்கு எழுந்து, முகம் கழுவி, தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பாயை விரித்து உட்கார்ந்தார் தையல்காரர். கண்ணை மூடினார்.

வார்த்தை வரவில்லை. ஆறு மாதமாக ஒரு நாளும் தவறாமல் வந்த வார்த்தை.

மந்திரம், துதி ஒன்றும் அவருக்குத் தெரியாது. முதலில் அரைமணி நேரம் கடவுளை நினைத்துக்கொண்டு சும்மா இருப்பார். மூச்சு அடங்கியதும், கடைக்கு வந்தவரிடம் பேசுகிற மாதிரி பேசத் தொடங்குவார். 'உனக்குத் தெரியாததா? என் பொண்ணு விஷயந்தான்.' பிறகு ஒரே ஒரு வரி. பகலில் கேட்டால் ஆயிரம் பேர் கேட்பதோடு கலந்துபோகும் என்றுதான் ஊர் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

வீட்டில் அவரும் மகளுமாக இரண்டே பேர்.

மகள் நர்ஸ். கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. பெட்டி வாங்கியாயிற்று. அங்கே குளிருமாமே என்று அவரே இரண்டு கோட்டு தைத்து, உள்பக்கம் யாருக்கும் தெரியாத பை வேறு வைத்துக் கொடுத்தார்.

"அங்க யாருப்பா வந்து என் பையில கைய விடப் போறா?" என்று போட்டுப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

நேற்று சாயங்காலம் மருத்துவப் பரிசோதனையின் முடிவு வந்தது. எக்ஸ்ரேயில், நுரையீரலில் ஒரு புள்ளி. என்ன புள்ளி என்று அடுத்த வாரம்தான் தெரியுமாம். அதுவரை காத்திருக்க முடியாது, வேறு ஆளை எடுத்துக்கொள்கிறோம் என்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரியே சொல்லிவிட்டார்கள்.

'அந்தப் புள்ளி ஒண்ணுமில்லாததா இருக்கணும்.' நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

கடையில் ஆளை நிற்க வைத்து அளவு எடுக்காமல் அவர் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. "பழைய சட்டையைக் குடுத்துட்டுப் போறேனே" என்று கெஞ்சினாலும், "சட்டையா போட்டுக்கப் போவுது? ஆளை வரச் சொல்லுங்க" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷர், மேலே இருப்பவரிடம் மட்டும் மொட்டையாகக் கேட்டுவிட்டார். எப்படி நடக்கவேண்டும், எது வழியாக நடக்கக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை.

பாயின் ஓரம் அசைந்தது. மகள். தூங்கியிருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாமியோட சண்டையாப்பா? விடு. எனக்காக நீ ராத்திரி ராத்திரி எழுந்து உக்காந்தது எனக்குத் தெரியாதா? அவர் காதுல விழல. அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். லேசாக இருமினாள்.

காதில் விழுந்தது என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

'அவ போகக் கூடாது.' ஆறு மாதமும் அவர் கேட்டது அதை மட்டும்தான்.