யாருடைய உயரம்

கலம் போய்த் தொலையட்டும் என்று நினைத்தாள்.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஒன்றுமில்லை. விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால், அதன் காற்றுக்குள் முங்கியிருந்தது. காற்று உரசி வேகம் குறைந்தால் செவ்வாயைச் சுற்றும். குறையாவிட்டால் ஒரேயடியாகப் போய்விடும். ரொம்பத் தாழ்ந்தால் எரிந்துவிடும்.

இன்னும் தாழ இறக்குங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் கத்தினாள். மேலேயே போகலாம், அதுதான் பத்திரம் என்றான் ஜெயசீலன். அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவன். இன்று திட்டத்துக்கே தலைவன். கமிட்டி அவன் பக்கம் சாய்ந்தது.

வாதத்தில் தோற்றவர், முடிவு தெரியும் நாளில் ஜெயித்தவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த அறையின் வழக்கம் அது. தப்பைத் தேடும் கண் ஒன்று கூடவே இருக்கட்டும் என்று.

தேடத்தான் செய்தாள். கசங்காத சட்டை, பதறாத முகம், வாய்க்கு வாய் ‘அக்கா’. எதைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது.

வேகம் குறையாமல் போயிருந்தால் கலம் மறைவிலிருந்து சீக்கிரமே வெளியே வந்திருக்கும். சிக்னலும் முன்னதாக வந்திருக்கும்.

வரவில்லை.

அப்படியானால் வேகம் குறைந்துவிட்டது. அவன் சொன்ன உயரமே சரி.

வயிறு எரிந்தது.

ஜெயசீலன் அவள் பக்கம் சாய்ந்தான்.

“அக்கா, கலத்துக்கு அனுப்பின கடைசித் திருத்தத்துல உங்க உயரத்தையே குடுத்துட்டேன். திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி.”

உள்ளுக்குள் ஒரு குதி குதித்தாள். அட, என்னுடையதா!

பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். சிக்னல் வர வேண்டிய நேரம் சில நொடிகள் தாண்டியிருந்தது.

எரிந்திருந்தால், அவள் சொன்ன உயரத்தில் எரிந்திருக்கிறது.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுக்கா. கையெழுத்து என்னோடது.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வெட்கமில்லாமல் அப்படித்தான் இருந்தது.

திரையில் ஒரு கோடு துள்ளி எழுந்தது.

“சரியான வேகம்!” என்று யாரோ கூவினார்கள். அறையே எழுந்து நின்றது. ஆளாளுக்கு ஜெயசீலனைக் கட்டிக்கொண்டார்கள். அவளுடைய உயரத்துக்காக அவன் முதுகில் தட்டினார்கள்.

அவன் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தான். அவளைக் கைகாட்டி, சொல்ல வாயெடுத்தான்.

அந்த மனசைப் பார்த்ததும் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.