பிடிபடாத பறவை

"அம்மா! என்னம்மா அக்கிரமம் இது?"

செம்பருத்திப் புதருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அம்மா, மகளைக் கண்டதும் திருதிருவென்று விழித்தாள். கையில் பேரனின் ரப்பர் வாத்து. அமுக்கினால் கீச்சென்று கத்தும்.

"மெதுவாப் பேசுடி! அப்பா காதுல விழுந்துடப் போகுது."

அப்பா ஓய்வு பெற்ற சர்வேயர். ஊரையெல்லாம் அளந்து முடித்துவிட்டு இப்போது தோட்டத்தைக் கண்ணால் அளக்கிறார். கோடை தொடங்கிவிட்டால் போதும், விடிந்ததும் பைனாகுலரும் நோட்டுமாக நாற்காலியில் சாய்ந்துவிடுவார். தேன்சிட்டு இரண்டு, மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்பது, குளியலறைச் சுவரில் அந்துப்பூச்சி ஒன்று என்று ஒன்றையும் விடமாட்டார்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். 'நடந்தா பறவையெல்லாம் பறந்துடும்' என்று மனுஷர் இடத்தைவிட்டு அசையவே இல்லை.

"அதான் நானே ஒரு பறவையைக் கொண்டுவந்தேன்" என்றாள் அம்மா. "தண்ணித் தொட்டிகிட்ட ஒரு கீச். பைனாகுலரைத் தூக்கிட்டு வருவார். அதுக்குள்ள நான் வேலியோரம் ஓடிடுவேன். அவர் அங்க வந்தா நான் கிணத்தடியில. மூணு வாரமா தோட்டத்தைச் சுத்திச் சுத்தி வர்றார்!"

முகத்தில் அப்படியொரு பெருமை.

"அந்தப் பறவையைப் பத்தி ஆறு பக்கம் எழுதி மேஜை மேல வச்சிருக்காரும்மா!"

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கார்."

"அதைப் பறவைச் சங்கத்துக்கு அனுப்பப் போறாராம். அப்பா மானம் கப்பலேறிடும். நான் போய் உண்மையைச் சொல்லிடுறேன்."

"வேணாம்டி! மறுபடியும் நாற்காலியில உட்கார்ந்துடுவார்டி!"

மகள் காதில் வாங்கவில்லை. விடுவிடுவென்று போனாள்.

எலுமிச்சைச் செடி ஓரமாக அப்பா பூனை நடை போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது பறவையே இல்ல. அம்மா உங்களை ஏமாத்துறாங்க. உங்க பேரனோட ரப்பர் வாத்து அது!"

அப்பா அதிரவில்லை. பைனாகுலரை இறக்கிவிட்டு, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"முப்பது வருஷமாப் பறவை பார்க்கிறேன். ரப்பர் வாத்து கத்தினா எனக்குத் தெரியாதா?" என்றார் ரகசியக் குரலில்.



"அப்ப அந்த ஆறு பக்கம்?"

"உங்கம்மா படிக்கிறதுக்குத்தான். இல்லேன்னா நான் நம்புறேன்னு அவ எப்படி நம்புவா?"

"எதுக்குப்பா இந்த நாடகம்?"

கிணற்றடியிலிருந்து அவசர அவசரமாக இரண்டு கீச். அப்பாவின் கவனத்தைத் திருப்ப அம்மா படும் பாடு.

"உங்கம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது உனக்கே தெரியும். நடக்கச் சொல்லி ரெண்டு வருஷமாக் கெஞ்சினேன். 'வீட்டு வேலையே போதும்'னுட்டா" என்றார் அப்பா, பைனாகுலரை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டே.

"நான் நடந்துதானே வர்றேன். முன்னால ஓடுறது யாருன்னு பாரு!"