எட்டாவது இருக்கை

“அங்க குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு, ஆண்ட்டி. அரசாங்கமே யாரும் போகாதீங்கன்னு சொல்லுது. நீங்க பெட்டியோட வந்து நிக்கிறீங்க!”

மலேசியாவின் குளுவாங்கில் பயண ஏஜென்சி நடத்தும் லோகேஸ்வரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். எதிரே பக்கத்து ஊரான லாபிஸிலிருந்து வந்திருந்த யோகம். வயது அறுபத்து மூன்று. முப்பத்து நாலு வருடம் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“டாக்டர், நர்ஸுன்னா விசா குடுக்கிறாங்கன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க, தம்பி?”

“குடுக்கிறாங்க. உங்களுக்கும் வந்திருச்சு. அதான் எனக்கு பக்குன்னு இருக்கு.”

போர் நடக்கும் அந்த நாட்டுக்குப் பயணிகள் விமானம் நின்று நாலு மாதமாகிறது. மருந்து கொண்டுபோகும் நிவாரணக் குழு ஒன்றுக்காக லோகேஸ்வரன் ஏற்பாடு செய்த சின்னத் தனி விமானம் மறுநாள் செனாய் விமான நிலையத்திலிருந்து கிளம்ப இருந்தது. எட்டு இருக்கைகள். ஏழு நிரம்பிவிட்டன.

“போன வாரம் ஓடுபாதைக்குப் பக்கத்துலயே குண்டு போட்டிருக்காங்க. பைலட்டே யோசிக்கிறாரு.”

யோகம் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கப் பார்த்தார். மூடி இரண்டு முறை கைநழுவிப் போனது. அவனே வாங்கித் திறந்து கொடுத்தான்.

“பயமா இருக்குல்ல? வேணாம்லா, ஆண்ட்டி. ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே கேன்சல் பண்ணிடறேன்.”

“பயமாத்தான் இருக்கு. இடி இடிச்சாலே காதைப் பொத்திக்கிற ஆளு நான்.”

“அப்புறம் ஏன் போறீங்க? அங்க வேற நர்ஸே இல்லையா?”

“இருக்காங்க. அவங்க எத்தனை நாளைக்குத்தான் தாங்குவாங்க?”

“வீட்ல சொல்லிட்டீங்களா?”

“வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மக. வெளிநாட்டுல வேலை. அவகிட்ட சொல்லல.”

“நம்பர் குடுங்க. நான் பேசறேன்.”

“ஐயோ, வேணாம் தம்பி!” யோகம் பாதி எழுந்தே விட்டார். “அவளுக்குத் தெரிஞ்சா எல்லாம் கெட்டுப்போயிடும். என்னைப் போகவே விடமாட்டா.”

அப்போது தொலைபேசி அடித்தது. விமான நிறுவனத்திலிருந்து. கேட்கக் கேட்க லோகேஸ்வரனின் முகம் வெளுத்தது.

“நாளைக்கு இல்லையாம். இன்னிக்கே, மூணு மணி நேரத்துல கிளம்புதாம். நாளைலருந்து அங்க இருக்கிற விமான நிலையத்தையே மூடறாங்க. இதுதான் கடைசி பிளேன்.” போனை வைத்தான். “இதுக்கு மேல உள்ள மாட்டுனா, எப்ப வெளிய வருவீங்கன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.”

யோகம் கண்களை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவரை நிறுத்த முடியாது என்று லோகேஸ்வரனுக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக ஒன்று தோன்றியது.

“சரி, நான் சொல்றதைக் கேளுங்க. மருந்தை இறக்கினதும் அதே பிளேன் திரும்புது. அதுல ஒரு சீட்டு பிடிச்சு வைக்கிறேன். அங்க நிலைமையைப் பாருங்க. முடியலன்னா உடனே ஏறி வந்துடுங்க. உங்க பேரைப் போடறேன்.”

“சீட்டு போடுங்க தம்பி. ஆனா என் பேரு வேணாம்.” யோகத்தின் கண்கள் நிறைந்தன. “தர்மினின்னு எழுதுங்க. என் மக. அவ இருக்கிற ஆஸ்பத்திரியில, ஒரு நர்ஸு உள்ள வந்தாத்தான் ஒரு நர்ஸை வெளிய விடுவாங்களாம்.”