குலுக்கிய குழாய்

இசக்கிராஜின் விரல்நுனி ரத்தச் சொட்டிலேயே, வரப்போகும் நோயை முன்கூட்டிச் சொல்லும் பெனிட்டாவின் திரை சிவந்துவிட்டது: ஏழு வருடம் கழித்து அவருக்கு வலிப்பு வரும். குழாய் ரத்தமும் அதை உறுதிசெய்தால், முடிவு நேராக அவர் கிரேன் ஓட்டும் துறைமுகக் கம்பெனிக்குப் போகும். இன்றே வேலை போய்விடும். அவரிடம் வாய் திறந்தால் லேப் டெக்னீஷியனான அவளுடைய லைசென்ஸ் போய்விடும்.

மேஜைக்கடியில் இரண்டாவது குழாயையும் வேகமாகக் குலுக்கினாள். குலுக்கினால் ரத்த அணுக்கள் உடையும். உடைந்த ரத்தத்தை இயந்திரம் ஏற்காது. செய்யவே கூடாதென்று படிப்பின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த தவறு அது.

“சாம்பிள் கெட்டுட்டுண்ணே. அடுத்த மாசம் வாங்களேன்.”

“ரெண்டு தடவை குத்திட்டு அடுத்த மாசமா? நாளைக்குப் புது கிரேன்ல ஏறணும். படிச்சிட்டுத்தான வந்திய?”

அவர் எழுந்து பக்கத்து மேஜைக்குப் போனார். அங்கே ராஜகனி ஒரே குத்தில் ரத்தம் எடுத்து, குழாயை மெல்லச் சாய்த்து நிமிர்த்தி வைத்தாள். இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி இசக்கிராஜ் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் போயிருந்தது.

“இப்படி எடுக்கக் கத்துக்கிடும்மா,” என்றார்.