மேலிருந்து ஒரு தலைத்துண்டு

வாதி ரம் பாலைவனத்தில் மலையாடு துரத்திய வேட்டைக்காரர்கள் ஏறிய பழைய செங்குத்துப் பாறை வழி அது. அந்தக் காலத்தில் மேலே நிற்பவன் தலையில் கட்டிய தலைத்துண்டை அவிழ்த்து இறக்குவான், கீழே இருப்பவன் அதைப் பிடித்து ஏறுவான். இன்று ஸ்வைலிம் இடுப்பில் கயிற்றோடு ஏறினான். கீழே நின்று ஹம்தான் கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தான். எதிர்ப் பாறையிலிருந்து ஸ்வைலிமின் அண்ணன் மினாவர் படம் பிடித்தான்.

ஸ்வைலிமின் வாக்கிடாக்கியில் பேசும் பொத்தான் இடுப்புவாரில் மாட்டி அழுந்திக்கொண்டது. அவன் பேசுவது கேட்டது. இவர்கள் பேசுவது அவனுக்குப் போகவில்லை.

"அண்ணே, மேல யாரோ தலைத்துண்டு இறக்குறாரு. நீ அனுப்புன ஆளா? எம்மேல அவ்ளோதான் நம்பிக்கையா?"

மினாவர் லென்ஸைத் திருகிப் பார்த்தான். தம்பிக்கு மேலே வெறும் பாறைதான் இருந்தது.

"நம்மாளுதான் போல. கயித்த அவுத்து விடுங்கறாரு. தூக்கக் கனமா இருக்காம்."

"அவுக்காதடா," என்று மினாவர் கத்தினான். குரல் மலையில் மோதி அவனிடமே திரும்பியது.

கயிறு சரசரவென்று இறங்கி ஹம்தானின் காலடியில் விழுந்தது.

"இப்ப ரொம்ப லேசா இருக்குண்ணே."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிடிமானமே இல்லாத வழவழப்பான பாறையில், தலைக்கு மேல் ஒரு கையை இறுக மூடியபடி, கால்கள் தொங்க, தம்பி மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தான்.