பேரிக்காயில் விரல் தடம்

மாத்தூர் குளிர்கிடங்கின் வெள்ளை வெளிச்சத்தில் குணசுந்தரி ஒரு பெட்டியைத் திறக்கிறாள். மூச்சு புகையாக வருகிறது. சீக்கிரம் குழைந்துபோகாமலிருக்கக் கால்சியம் தண்ணீரில் முக்கி, போன மாதம் அடுக்கிய பேரிக்காய்கள். ஒன்றில் மட்டும் நான்கு விரல் அழுத்திய பழுப்புத் தடங்கள். அழுத்தும்போது தெரியாது, நாள்பட்டுத்தான் எழும்பும். "மெல்லப் புடி சுகிர்தம், நசுங்கிடப் போவுது" என்று அவள் தினமும் திட்டிக்கொண்டிருந்த சுகிர்தத்தின் கை அது. எதிர் ஸ்டூல் காலியாக இருக்கிறது. சுகிர்தம் செத்துப் பத்து நாள் ஆகிறது. வாசலிலிருந்து மேஸ்திரி மணி கத்துகிறான்: "இன்னாக்கா, அடிபட்டது இருந்தா தூக்கிப் போடு. பெட்டியே கலீஜாய்டும்." "ஒண்ணும் இல்லப்பா" என்கிறாள். கையுறையைக் கழற்றித் தடங்களின்மேல் தன் விரல்களை வைத்துப் பார்க்கிறாள். சுகிர்தத்துக்குப் பெரிய கை. எவ்வளவு விரித்தும் சுண்டுவிரல் எட்டவில்லை.